மதிப்புரை விற்பனைக்கல்ல

(சொந்த முயற்சியில் நூல் வெளியிடும் எழுத்தாளர்களும் அவர்களது வாசகர்களும் கூடிய கூட்டத்தில், கூட்டத்தைக் கூட்டியவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



புத்தகம் எழுதுவது ஒரு பாடு. அதை வெளியிடுவது இன்னொரு பாடு. இந்த இரண்டையும் தாண்டி வந்தவர்கள்தான் இங்கே பெரும்பாலும் கூடியிருக்கிறீர்கள். நாம் இன்று பேச வந்திருப்பது மூன்றாவது பாட்டைப் பற்றி. ‘இப்படி ஒரு நூல் இருக்கிறது’ என்று நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது எப்படி? பதிப்பகத்தின் துணையில்லாமல் தன் கையை நம்பி நூல் வெளியிடும் எழுத்தாளன் முன்னே நிற்கும் பெரிய பிரச்னை இதுதான்.

நம்மிடையே நடந்த ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். சம்பந்தப்பட்டவர் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார். “தாராளமாகச் சொல்லுங்கள், நாலு பேராவது உஷாராக இருக்கட்டும்” என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம் கண்ட வாழ்க்கையை நாவலாக எழுதி மின்னூலாக வெளியிட்டார். மூன்று மாதத்தில் ஏழு மதிப்புரைகள் வந்தன. ஏழும் முன்பின் தெரியாத வாசகர்கள் எழுதியவை. அந்தச் சமயத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியிடமிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. ஆறாயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் நாற்பது கிடைக்குமாம். கொடுத்தார். அவையும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, நூலில் உள்ள சமையல் குறிப்புகள் மிகவும் பயனுள்ளவை என்று பாராட்டியது! நாவலில் டீ குடிப்பதைத் தவிர சமையல் சம்பந்தமாக எதுவுமே கிடையாது.

பத்தாம் நாள் அந்த நாற்பதும் மறைந்துவிட்டன. இணையக் கடை அவற்றைப் போலி என்று கண்டு நீக்கிவிட்டது. கூடவே அந்த ஏழு உண்மையான மதிப்புரைகளும் போய்விட்டன. ஏன் என்று கேட்டு எழுதினார். பொதுவான ஒரு பதில் வந்தது, விளக்கம் வரவில்லை.

அவர் நம்மிடம் வந்து வருத்தப்பட்டது ஆறாயிரம் ரூபாயைப் பற்றியல்ல. அந்த ஏழில் ஒன்று மூன்றே நட்சத்திரம் கொடுத்திருந்தது. ‘கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார், மற்ற அத்தியாயங்களில் இருந்த நிதானம் இதில் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். “என் புத்தகத்தை முழுசாகப் படித்தவர் அவர். அவர் எழுதியதை நானே அழித்துவிட்டேனே” என்றார் நம் நண்பர்.

இந்த வார்த்தைகளை மனதில் வைத்துக்கொண்டு விஷயத்துக்குள் போவோம்.

பழைய பிரச்னை, புதிய கருவி

தன் நூலைத் தானே புகழலாமா என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. எழுநூறு, எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு விதி வகுத்துவிட்டார். எத்தனை துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது. ஆகவே சிறப்புப் பாயிரத்தைப் பிறர்தான் தர வேண்டும். யார் அந்தப் பிறர்? அவனுடைய ஆசிரியர், அவனோடு படித்தவர், அவனுடைய மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். நூலையும் ஆளையும் அறிந்தவர்கள் மட்டுமே என்பது கருத்து.

அதே பவணந்தியார் சில விலக்குகளும் தருகிறார். தன்னுடைய ஆற்றலை அறியாதவர்களிடையே புலவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. நமக்கு இது பெரிய ஆறுதல். முகம் தெரியாத லட்சக்கணக்கான வாசகர்கள் முன்னே நிற்கும் எழுத்தாளன், ‘நான் இந்த நூலை எழுதியிருக்கிறேன், இது இன்னதைப் பற்றியது’ என்று சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. விளம்பரம் தவறல்ல. தன் புகழுரையைப் பிறர் புகழுரைபோல் வேஷம் கட்டி அனுப்புவதுதான் தவறு.

பெரியவர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ல் தமது ‘புல்லின் இதழ்கள்’ நூலைத் தாமே வெளியிட்டார். அந்த வருஷமே அந்நூலைப் பற்றிப் பெயரில்லாமல் வந்த மதிப்புரைகளில் மூன்றை எழுதியவர் அவரேதான்! அறிஞர் எமர்சன் தனிப்பட்ட முறையில் எழுதிய பாராட்டுக் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, அனுமதி கேட்காமல், 1856 பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் பொறித்தார். விட்மனின் கவிதை நிலைத்தது உண்மைதான். அது அந்த மூன்று மதிப்புரைகளால் நிலைக்கவில்லை.

கருவிகள் எவை?

இன்று கையிலுள்ள கருவிகளைப் பார்ப்போம். 2007 நவம்பரில் அமேசான் கம்பெனி கிண்டில் என்ற மின்னூல் கருவியைக் கொண்டுவந்தது. எழுத்தாளர்கள் தாங்களே நூலை ஏற்றி விற்கும் வசதியும் அத்துடன் வந்தது. 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களுக்கு அதில் இடம் கிடைத்தது. அச்சுச் செலவில்லை, குடோன் வாடகையில்லை. நம்மில் பலருடைய முதல் நூல் வெளிவந்தது இந்த வழியில்தான். இதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும்.

நூலை ஏற்றியாயிற்று. வாசகரை எப்படிச் சேர்வது? அதற்கு மூன்று வகைக் கருவிகள் உண்டு.

முதலாவது, வாசகர்கள் தாம் படித்ததைப் பதிந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடங்கள். 2005-ல் ஆரம்பித்த லைப்ரரிதிங், 2006 கடைசியில் ஆரம்பித்த குட்ரீட்ஸ், பின்னால் வந்த ஸ்டோரிகிராஃப் ஆகியவை இந்த வகை.

இரண்டாவது, முன்பிரதி கொடுக்கும் ஏற்பாடு. நூல் வெளிவருமுன் மின்பிரதியை விருப்பமுள்ள வாசகர்களுக்கு இலவசமாகத் தருவது. அவர்கள் படித்து அபிப்பிராயம் எழுதுவது. 2008-ல் தொடங்கிய நெட்கேலி இதில் பேர் பெற்றது. ஆனால் தனி எழுத்தாளர் அதில் ஒரு நூலைச் சேர்க்க நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும். நம் போன்றோருக்கு எட்டாத விலை.

மூன்றாவது, தள்ளுபடி அறிவிப்பு. 2012-ல் தொடங்கிய புக்பப் போன்ற ஸ்தாபனங்கள், துப்பறியும் கதை, சரித்திரம் என்று வாசகர்களை ருசிவாரியாகப் பிரித்து, விலை குறைத்த நூல்களைப் பற்றி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் தரத் தயாராக இருந்தாலும் எல்லா நூலையும் அவர்கள் ஏற்பதில்லை.

இந்தக் கருவிகள் வேலை செய்கின்றனவா? செய்கின்றன. அவற்றின் பின்னால் உண்மையான வாசகர்கள் நின்றால்!

ஆண்டி வெயர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் அனுபவத்தைப் பாருங்கள். செவ்வாய்க் கிரகத்தில் தனியே மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றிய கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தம் இணையப் பக்கத்தில் இலவசமாக வெளியிட்டு வந்தார். விஞ்ஞானம் அறிந்த வாசகர்கள் கணக்கில் இருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். அவர் திருத்திக்கொண்டார். கிண்டிலில் படிக்க வசதியாக இருக்குமே என்று கேட்டவர்களும் வாசகர்கள்தான். அங்கே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்ட்டுக்குப் போட்டார். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள் விற்றன. அதன்பிறகே பெரிய பதிப்பகம் அவரைத் தேடி வந்தது. 2015-ல் அது சினிமாவாகவும் வந்தது. குறை சொன்ன வாசகர்களை அவர் விரட்டியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா?

கள்ள நோட்டு

மதிப்புரைக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அதற்குக் கள்ள நோட்டு அடிப்பவனும் வருவான். அமெரிக்காவில் ஒருவர் 2010-ல் இதற்கென்றே ஒரு கடை திறந்தார். ஒரு மதிப்புரைக்கு 99 டாலர், இருபதுக்கு 499, ஐம்பதுக்கு 999 என்று விலைப்பட்டியல் போட்டார். 2012 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை இந்த வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. அவருடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவர் ஜான் லாக் என்ற எழுத்தாளர். சொந்தமாக நூல் வெளியிட்டு, கிண்டிலில் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் ஆள் என்று 2011-ல் கொண்டாடப்பட்டவர். எப்படி விற்றேன் என்று தனியாக ஒரு புத்தகமே எழுதினார் அவர். சுமார் 300 மதிப்புரைகளைக் காசு கொடுத்து வாங்கிய விஷயம் மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை!

அந்தப் புத்தகத்தை நம்பி, அதில் சொன்னபடி இரவு பகலாக உழைத்த ஏழை எழுத்தாளர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ‘நம்மிடம்தான் ஏதோ குறை’ என்று அவர்கள் மனம் நொந்திருப்பார்கள். போலி மதிப்புரை வாசகரை மட்டும் ஏமாற்றுவதில்லை; சக எழுத்தாளனின் வயிற்றிலும் அடிக்கிறது.

அதன்பின் நடவடிக்கைகள் வந்தன. 2015-ல் அமேசான், மதிப்புரை விற்றதாகச் சொல்லி அடையாளம் தெரியாத 1,114 பேர்மீது வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில், இலவசச் சரக்குக்குப் பிரதியாக எழுதும் மதிப்புரைகளைத் தடை செய்தது. நூல்களுக்கு மட்டும் விலக்கு: முன்பிரதி தரும் பழைய வழக்கத்தை அனுமதித்தது. இந்தியாவில் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரக் கோட்பாட்டை வெளியிட்டது. காசு கொடுத்து எழுதவைத்த மதிப்புரை கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அதை விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற முறையிலேயே கொண்டுவந்தார்கள். அமெரிக்க வர்த்தகக் கமிஷன் போலி மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்து 2024-ல் விதி இயற்றியது. 2024 அக்டோபர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. அறிந்தே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 51,744 டாலர் வரை அபராதம் என்று அப்போது நிர்ணயித்தார்கள்.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்து நம்மைத் திருத்தட்டும் என்று காத்திருப்பது நமக்கு அழகல்ல.

இதற்கு நேர்மாறான கள்ள நோட்டும் உண்டு. புகழ்வதற்குப் பதில் சேற்றை வாரி இறைப்பது. 2023 டிசம்பரில், முதல் நாவல் வெளிவரவிருந்த ஓர் அமெரிக்க எழுத்தாளர், பல போலிப் பெயர்களில் குட்ரீட்ஸில் நுழைந்து, தம்மைப் போலவே முதல் நூல் வெளியிடவிருந்த சக எழுத்தாளர்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டது வெளிச்சத்துக்கு வந்தது. பதிப்பகம் அவரைக் கைவிட்டது. அதே வருஷம் ஜூனில், பிரபல எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தம் நாவலை வெளியிடாமல் நிறுத்திவைப்பதாக அறிவித்தார். உக்ரைன் யுத்தம் நடக்கும் வேளையில் இப்படி ஒரு நூலா என்று, அச்சாகாத, யாரும் படித்திராத நூலுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்திருந்தன. படிக்காமல் புகழ்வதும் படிக்காமல் ஏசுவதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

சுங்கச் சாவடி யார் கையில்?

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் விட முடியாது. இந்தக் கருவிகள் யாருக்குச் சொந்தம்?

ஷெல்ஃபாரி என்று ஒரு வாசகர் இடம் இருந்தது. 2008-ல் அமேசான் அதை வாங்கியது. 2013-ல் குட்ரீட்ஸையும் வாங்கியது. 2016-ல் ஷெல்ஃபாரி மூடப்பட்டு, அதன் வாசகர்கள் குட்ரீட்ஸுக்குப் போகச் சொல்லப்பட்டார்கள். புத்தகம் விற்பவனே, புத்தகத்தைப் பற்றி ஜனங்கள் பேசும் திண்ணைக்கும் சொந்தக்காரன் ஆனான்.

விளைவு என்ன? வாசகர்களுக்கு இலவசப் பிரதி வழங்கும் திட்டம் ஒன்று குட்ரீட்ஸில் இருந்தது. எழுத்தாளர் பிரதியும் தபால் செலவும் கொடுத்தால் போதும். 2018 ஜனவரி முதல் அதற்குக் கட்டணம் வைத்தார்கள். சாதாரண வகைக்கு 119 டாலர். உயர்ந்த வகைக்கு 599 டாலர். தன் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கவும் எழுத்தாளன் காசு கட்ட வேண்டும்!

கிண்டில் அன்லிமிட்டெட் என்ற சந்தா முறை 2014-ல் வந்தது. 2015 ஜூலை முதல், படித்த பக்கங்களை எண்ணி அதில் எழுத்தாளருக்குப் பணம் தருகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ அரை அமெரிக்கச் சென்ட். அந்த மாதத்து மொத்த நிதி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கம்பெனி. அதில் சேரும் மின்னூலை 90 நாளைக்கு வேறெங்கும் மின்வடிவில் விற்கக்கூடாது என்பது ஒப்பந்தம். நம்மில் எத்தனை பேர் இந்த நிபந்தனையைப் படித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தோம்? கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் சங்கடமாகிவிடும்.

கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சந்தைக்குப் போகாமல் சரக்கு விற்க முடியாது. ஆனால் சந்தை ஒருவன் கையில் இருக்கும்போது, வீட்டுச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டு வரக்கூடாது.

நமது தவறும் நமது கடமையும்

பிறரைக் குறை சொன்ன வாயால் நம்மையும் குறை சொல்லிக்கொள்வோம். காசு கொடுத்தவர் நம் கண்டக்டர் நண்பர் ஒருவர்தான். ஆனால் மச்சானிடமும் ஆபீஸ் நண்பரிடமும் ‘ஒரு ஐந்து நட்சத்திரம் போடுப்பா’ என்று கேட்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? ‘நீங்கள் எனக்கு எழுதுங்கள், நான் உங்களுக்கு எழுதுகிறேன்’ என்று பண்டமாற்று செய்தவர்கள் எத்தனை பேர்? இந்த உரையைத் தயாரித்த எங்களிடையேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதை ஒளிக்க விரும்பவில்லை.

எல்லா நூலுக்கும் ஐந்து நட்சத்திரம் என்றால் யாருக்கு நஷ்டம்? பெரிய பெயர் உள்ளவருக்கு நஷ்டமில்லை; அவர் பெயரே விற்றுவிடும். நட்சத்திரத்தை நம்புவதை வாசகர் விட்டுவிட்டால், பெயரில்லாத புதிய எழுத்தாளனுக்குக் கதவே அடைந்துபோகும். 2006-ல் செவலியர், மேஸ்லின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அமேசானிலும் பார்ன்ஸ் அண்டு நோபிள் கடையிலும் ஒரே நூல்கள் எப்படி விற்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்ல மதிப்புரை விற்பனையை உயர்த்துகிறது. ஆனால் ஐந்து நட்சத்திரத்தைவிட ஒரு நட்சத்திரத்தின் தாக்கம் அதிகம் என்று கண்டார்கள். வாசகர் முட்டாளல்ல. வேண்டியவர் புகழ்வார் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே சில யோசனைகளை உங்கள் முன்னே வைக்கிறோம். விவாதித்து முடிவு செய்யுங்கள்.

ஒன்று: மதிப்புரைக்குக் காசு இல்லை, பண்டமாற்றும் இல்லை. குடும்பத்தார் புகழட்டும், வீட்டில் புகழட்டும்.

இரண்டு: முன்பிரதி தாராளமாகக் கொடுப்போம். வாங்கியவர் எழுதியே தீர வேண்டும் என்றோ, புகழ வேண்டும் என்றோ நிர்ப்பந்திக்க மாட்டோம். எழுதினால், பிரதி இலவசமாகக் கிடைத்தது என்பதையும் சொல்லும்படி கேட்டுக்கொள்வோம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் மூன்று நாலு பேர் எழுதினாலே லாபம் என்பது எங்கள் அனுபவம்.

மூன்று: பாதகமான மதிப்புரைக்குச் சண்டைக்குப் போகமாட்டோம். பொய் என்றால் கடைக்காரரிடம் முறையிடுவோம். உண்மை என்றால் அடுத்த பதிப்பில் திருத்துவோம்.

நான்கு: ஒவ்வொரு எழுத்தாளரும் தம் வாசகர்களின் முகவரிப் பட்டியலை, அவர்கள் சம்மதத்துடன், தம் கையிலேயே வைத்துக்கொள்வோம். நூலின் கடைசிப் பக்கத்தில் நம் முகவரியைக் கொடுத்து, ‘அபிப்பிராயம் எழுதுங்கள்’ என்று கேட்போம். எந்தக் கம்பெனி கதவை மூடினாலும் இந்தப் பட்டியல் நம்மிடம் இருக்கும்.

ஐந்து: மாதம் ஒரு நூலுக்காவது நாம் வாசகராக இருந்து நேர்மையான மதிப்புரை எழுதுவோம். ஐந்து வரி போதும். நூல் எதைப் பற்றியது, எது நன்றாக வந்திருக்கிறது, எது குறை, யாருக்குப் பிடிக்கும். நமக்கு எழுதியவருக்கே பதிலுக்கு எழுதாமல், நாம் அறியாத ஓர் ஆளின் நூலாகத் தேடிப் பிடிப்போம்.

ஆறு: மதிப்புரையை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், முறையிட்டால் மனிதர் ஒருவர் பார்த்துப் பதில் தர வேண்டும் என்று கடைக்காரர்களைக் கேட்போம். போலியை நீக்குங்கள், வரவேற்கிறோம். போலியோடு சேர்த்து அசலையும் குப்பையில் கொட்டாதீர்கள். தனி ஒருவர் எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. நூறு எழுத்தாளர்களும் அவர்களது வாசகர்களும் கையெழுத்திட்டு எழுதினால், பதில் சொல்லாமல் இருப்பது சுலபமல்ல.

நண்பர்களே!

நம் கண்டக்டர் நண்பரின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். அழிந்துபோன அந்த மூன்று நட்சத்திர மதிப்புரையை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுதினார். ஒன்பது பக்கம் இருந்தது இருபத்திரண்டு பக்கம் ஆயிற்று. திருத்திய நாவல் இப்போது மறுபடியும் கடையில் இருக்கிறது. முன்பு நடந்ததை முன்னுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதுவரை வந்திருப்பவை இரண்டே மதிப்புரைகள்.

அந்த மூன்று நட்சத்திரம் போட்டவர் யார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கூட்டத்தில் அவர் இருந்தால், ஒரு வேண்டுகோள்: திருத்திய பதிப்பைப் படியுங்கள். பிடித்தால் எழுதுங்கள். பிடிக்காவிட்டால், கட்டாயம் எழுதுங்கள்!